நடுகல்லும் நிழற்படமும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடுதல் தமிழரின் தொன்மை வழக்கு. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக அதனை ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. கல்லில் வீரனுடைய பெயரும் பெருமையும் எழுதப்பெற்றன என்பது சங்கப் பாடல்களால் அறியப்படும். தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை ஆகிய ஊர்களில் படைத்தொழில் வழிவழி வந்த குடும்பங்களில் இன்று அக்கல்லின் இடத்தை நிழற்படம் பெற்றுள்ளது. இப்படங்களைச் சான்றாகக் கொள்ளுமாறு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வூர்கள் படையோடு நெடிய தொடர்புடையன. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் பரங்கிமலை பீரங்கிப் படையின் இருப்பிடமாகவும், பல்லாவரம் சிப்பாய்கள் தங்கிய பாளையமாகவும் விளங்கின. 1954 இல் விமானப் படையின் பறத்தல் ஆசிரியர் பள்ளி தாம்பரத்திற்கு வந்தது. 1963 இல் படை அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி பரங்கிமலையில் நிறுவப்பெற்றது. 1992 முதல் அங்குப் பெண்டிரும் பயிற்சி பெறுகின்றனர். ஆகவே, ஒரே இல்லத்தின் சுவரில் தலைப்பாகையணிந்த சிப்பாயும் விமானப் படைச் சீருடையணிந்த அவர் பெயரனும் அருகருகே காணப்படுதல் வியப்பன்று.

நினைவுச் சின்னம் ஒன்றிற்கு உருவம், எழுத்து என இரண்டு உறுப்புகள் உண்டு. 2006 இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறியப்பெற்ற தமிழிக் கல்வெட்டுடைய நடுகற்களில் உருவம் இல்லை, எழுத்தே உண்டு. ஆயினும், அவற்றுள் ஒன்றால் கூடலூரில் நிகழ்ந்த ஆகோட் பூசலும் அந்தவன் என்னும் பெயரும் நமக்குக் கிடைத்தன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972 இல் நூலாக வெளியிட்ட செங்கம் நடுகற்களில் இரண்டுறுப்பும் ஒருங்கே அமைந்துள்ளன. இல்லத்து நிழற்படமோ பெரும்பாலும் உருவம் மட்டும் உடையது. மீசையின் முறுக்கும் பதக்கத்தின் வரிசையும் அதில் தெளிவாக விளங்கும், பெயர் விளங்காது. பெயரை அறிந்த முதியவர் மறைந்தால், அப்படம் எவரோ ஒரு சிப்பாயின் படமாகிவிடும். பல்லாவரத்துக் குடைவரையில் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நின்று நிலவ, அதே ஊரில் வாழ்ந்த சிப்பாயின் பெயர் மூன்று தலைமுறைக்குள் அழிவது எண்ணத்தக்கது.

அரசு எழுப்பிய சின்னங்கள் இக்குறையை நிறைவு செய்யும் எனக் கருதுதல் பொருந்தாது. நந்தம்பாக்கத்தில் 1952 இல் அமைக்கப்பெற்ற போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் அடக்கம் செய்யப்பெற்றுள்ளனர். முதல் உலகப் போர்க் காலத்தில் இறந்த ஆயிரவர்க்கு மேற்பட்டோரின் பெயர்களும் அங்குள்ள நினைவுக் கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளன. ஆனால், மெசொப்பொத்தேமியப் போர்க்களத்தில் மாண்டோர்க்காக 1929 இல் பாசுராவில் திறக்கப்பெற்ற நினைவகத்தின் நிலை வேறு. அங்குப் பிரித்தானியரும் இந்திய அதிகாரிகளும் பெயரால் குறிக்கப்பெற, இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுதோறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பெற்றனர். இவ்வேற்றுமையைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையமே 2021 இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டுள்ளது. மதராஸ் சாப்பர்ஸ் படையினர் போரிட்ட களங்களுள் மெசொப்பொத்தேமியாவும் ஒன்று. கல்லில் எண்ணாகிய ஒருவனுக்கு, முகமும் பெயரும் கூடும் இடமாக எஞ்சுவது அவன் இல்லத்துப் படமே எனலாம்.

இனி, இப்படங்களை ஆராயும் முறையைக் காண்போம். முதலாவது, படம் ஒட்டப்பெற்ற அட்டை. நிழற்பட நிலையத்தின் பெயரும் ஊரும் அதன் அடியில் அச்சிடப்பெற்றிருத்தல் உண்டு. இரண்டாவது, சீருடை, தோளிலுள்ள பித்தளை எழுத்துகளும் தலையணியின் சின்னமும் படைப்பிரிவை உணர்த்தும். மூன்றாவது, பதக்கம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நாடாவின் நிறம் புலப்படாது. ஆதலின் பதக்கம் இல்லத்தில் உளதா என வினவுதல் வேண்டும். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரனுடைய எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பெற்றிருக்கும். நான்காவது, குடும்பத்தார் கூற்று. அது பொருட்சான்றோடு ஒத்தவழிக் கொள்ளத்தக்கது. மாறுபட்டவழி இரண்டையும் குறித்து வைத்தலே நெறி. திரைச்சீலையில் எழுதிய மலையும் மாளிகையும் நிலையத்தாரின் பொருள்களே. அவற்றைக் கொண்டு போர்க்களத்தைத் துணிதல் பிழையாகும்.

கல்வெட்டைப் படியெடுப்பது போன்றே இல்லத்துப் படங்களைப் படியெடுத்து, பெயர், உறவு, ஊர், படைப்பிரிவு, ஆண்டு, கூறியவர் ஆகியவற்றோடு பதிந்து வைத்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க களப்பணியாகும். குடும்பத்தாரும் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரை எழுதிவைத்தல் நன்று. மை ஊறிப் படத்தைக் கெடுக்கக்கூடும். உருவமில்லாக் கல்லால் அந்தவன் இன்றும் அறியப்படுகின்றான். உருவம் முழுதும் இருந்தும் பெயரில்லாமையால் நம் பாட்டன்மார் அறியப்படாது போதல் தகாது.