நடுக்கத்தை அடக்கும் மின்சாரம்

'ஆழ்மூளைத் தூண்டல்' என்னும் சிகிச்சையின் பெயரைக் கேட்டவுடன், உறங்கிக் கிடக்கும் ஏதோ ஒன்றை மின்சாரத்தால் தட்டி எழுப்புகிறார்கள் போலும் என்றே எவரும் எண்ணுவர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சற்று உறுத்தத்தான் செய்கிறது. இங்கே தூண்டல் செய்யும் வேலை பெரும்பாலும் அடக்குதலே அன்றோ! இந்த முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிந்துகொண்டால், இச்சிகிச்சையினிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பதும் விளங்கிவிடும்.

நமது ஆயுர்வேதம் கம்பவாதம் என்று கூறும் நோயை ஒத்த ஒன்றை, 1817-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்ஸன் ஒரு சிறு நூலில் விவரித்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நடுமூளையில் கரிய நிறமுடைய ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமைன் என்னும் இரசாயனப் பொருளைச் சுரக்கின்றன. அவை சிறுகச் சிறுக மடியும்போது, சும்மா இருக்கும் கை நடுங்குகிறது, அங்கங்கள் விறைக்கின்றன, நடை குறுகுகிறது, கையெழுத்துங்கூட வரவரச் சிறுத்துப் போகிறது.

1960-களில் லெவோடோபா என்னும் மருந்து வந்தது. இப்பொருளை 1937-லேயே சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்னும் இரு விஞ்ஞானிகள் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருந்தனர் என்பதை நாம் பெருமையுடன் நினைவுகூரலாம். அது இந்நோய்க்கு மருந்தாகும் என்பது அன்று எவருக்கும் தெரியாது. மருந்து முதற்சில ஆண்டுகள் நன்கு வேலை செய்யும். பிறகோ, ஒரு வேளை மருந்தின் பலன் அடுத்த வேளைவரை நீடிப்பதில்லை. உடல் ஒரு சமயம் கட்டுண்டாற்போல் நின்றுவிடும். மற்றொரு சமயம் தானாகவே நெளியும்.

மருந்து வருவதற்கு முன்பே ரண சிகிச்சை நிபுணர்கள் வேறொரு வழியைக் கையாண்டு வந்தனர். மூளையின் ஆழத்தில் தாலமஸ் என்னும் பகுதியில் ஒரு சிறு இடத்தைச் சுட்டு அழித்தால் நடுக்கம் நின்றது. 1960-களில் டாக்டர் பா. ராமமூர்த்தியும் அவருடைய சகாக்களும் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் இத்தகைய நுண்ணிய சிகிச்சைகளைச் செய்தனர். ஆனால் சுட்ட இடம் மீளாது. இருபுறமும் சுட்டால் பேச்சுக் குழறும் அபாயமும் உண்டு.

சுடுவதற்கு முன், சரியான இடத்தில்தான் ஊசி நிற்கிறதா என்று அறிய, அதன் வழியே சிறிது மின்சாரம் செலுத்திப் பார்ப்பது வழக்கம். 1987-இல் பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில் டாக்டர் அலிம் லூயி பெனாபித் அவ்வாறு சோதித்தபோது, விநாடிக்கு ஏறத்தாழ 100 துடிப்பு என்னும் வேகத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. மின்சாரத்தை நிறுத்தினால் மீண்டும் வந்தது. அழிக்காமலே அழித்ததன் பலன் கிட்டுமாயின் அழிப்பானேன்? வெறும் சோதனையாக இருந்ததே சிகிச்சையாயிற்று. தூண்டல் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

பின்னர், டோபமைன் குறையும்போது தாலமஸுக்குக் கீழுள்ள ஒரு சிறு கரு அளவுமீறி இயங்கி, அசைவுகளுக்குத் தடையாகிறது என்பதை 1990-இல் அமெரிக்காவில் டாக்டர் மாலன் டிலாங் முதலியோர் குரங்குகளில் கண்டனர். சில ஆண்டுகளுக்குள் கிரெனோபிள் குழுவினர் மின்முனையை அந்தக் கருவிலேயே பொருத்தினர். மின்சாரம் அங்கு என்னதான் செய்கிறது என்பதில் அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பிசகிய தாளத்தை உரத்த, சீரான மற்றொரு தாளம் மூழ்கடிப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

சிகிச்சை நடக்கும் முறை கேட்பவருக்குத் திகிலூட்டும். தலையை ஒரு சட்டத்தில் பிணைத்து, மண்டையோட்டில் சிறு துளையிடுகின்றனர். பல இடங்களில் நோயாளி விழித்தே இருப்பார். மூளைக்குத் தன்னளவில் வலியுணர்வு இல்லாமையால், தோலை மரக்கச் செய்தாலே போதும். 'கையை நீட்டுங்கள், விரலை மடக்குங்கள்' என்று வைத்தியர் கூற, அவர் செய்து காட்டுவார். ஒன்றேகால் மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியைப் பதித்து, அதைத் தோலுக்கடியிலேயே கொண்டுவந்து, காறையெலும்புக்குக் கீழே வைத்த ஒரு சிறு மின்கலப் பெட்டியுடன் இணைக்கின்றனர். மின்சாரத்தின் அளவைப் பின்னர் வெளியிலிருந்தே கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம்.

இனி, குடும்பத்தார் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். இது நோயை நீக்குவதன்று. உயிரணுக்கள் மடிவது தொடர்ந்துகொண்டேயிருக்கும். நடுக்கம் நீங்கலாக, மருந்தினால் குறையாத எதுவும் பெரும்பாலும் மின்சாரத்தினாலும் குறையாது. தள்ளாடி விழுதலும் ஞாபகக் குறைவும் மாறமாட்டா. பேச்சு மேலும் மங்கவுங்கூடும். நூற்றுக்கு ஓரிருவருக்கு மூளையில் இரத்தக் கசிவு நேர்கிறது. ஆகவேதான் மருந்து இன்னும் கேட்கும், ஆனால் நிலையாகக் கேட்பதில்லை என்ற நிலையிலுள்ள, அறிவு தெளிவாயுள்ள நோயாளிகளையே தேர்ந்தெடுக்கின்றனர். நம் நாட்டில் செலவு பல லட்ச ரூபாய் ஆகிறது. நிலத்தை விற்றுப் பணம் கட்டுமுன், 'இவருக்கு மருந்தால் எது குறைகிறது?' என்று நிபுணரிடம் கேட்டு விடை பெறுவது நலம்.

பெட்டியின் மின்கலம் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீரும். அப்போது பெட்டியை மாற்ற வேண்டும். மின்னேற்றிக்கொள்ளும் வகை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். கருவி பதித்தவர், மூட்டு வலிக்கென டயாதெர்மி என்னும் மின்வெப்பச் சிகிச்சை செய்துகொள்ளவே கூடாது. அந்த வெப்பம் கம்பியின் வழியே சென்று மூளையைச் சேதப்படுத்திவிடும். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் கருவிக்குரிய அட்டையை முதலில் காட்டிவிடுவது அவசியம்.