பழைய பிக்கப் வண்டியைச் சீரமைத்து விற்றல்

பிக்கப் வண்டி என்பது முன்பக்கம் ஓட்டுநர் அறையும் பின்பக்கம் திறந்த சரக்குப் பெட்டியும் கொண்ட சிறிய சரக்கு வாகனம் ஆகும். பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்த இத்தகைய வண்டியைப் பட்டறையில் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஆர்வலர் ஒருவருக்கு விற்பது இந்தியாவில் சிறிய அளவில் நடந்து வருகிறது. இந்த விற்பனையில் கைமாறுவது இரும்பும் வண்ணமும் மட்டுமல்ல. பதிவுச் சான்றில் உள்ள பெயரும், அந்தப் பெயரோடு ஒட்டிய சட்டப் பொறுப்பும் சேர்ந்தே மாற வேண்டும். அது மாறாமல் போனால் என்ன ஆகும் என்பது பலருக்கும் விபத்து நடந்த பிறகே தெரிகிறது.

வண்டிகளின் வரலாறு

தொழிற்சாலையிலேயே சரக்குப் பெட்டி பொருத்தி விற்கப்பட்ட முதல் பிக்கப்பாகக் கருதப்படுவது போர்டு நிறுவனம் 1925இல் அமெரிக்காவில் வெளியிட்ட டி மாடல் வண்டியாகும். அடுத்த சில ஆண்டுகளில் போர்டு நிறுவனம் சென்னையிலும், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாயிலும் உதிரிபாகங்களை இறக்கி வண்டிகளைப் பூட்டி விற்றன. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை 1953இல் வந்ததும் இரண்டும் வெளியேறின. விடுதலைக்குப் பிறகு மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை அடிப்படையாகக் கொண்ட வண்டிகளைத் தந்தது. சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஸ்டாண்டர்டு 20 என்ற சிறு சரக்கு வண்டியைச் செய்தது. டாடா மொபைல் 206 வந்தது 1988இல்.

கடலூர் மாவட்டத்தில் வீராணம் ஏரிக்கு அருகில் உள்ள லால்பேட்டை போன்ற ஊர்களில் நெல் மூட்டை, வைக்கோல், வெற்றிலைக் கட்டு என எல்லாவற்றையும் சுமந்தவை இத்தகைய சிறு வண்டிகளே. 2005இல் டாடா ஏஸ், அதாவது மக்கள் வாயில் 'குட்டி யானை', வந்த பிறகு பழைய வண்டிகளின் வேலை குறைந்தது. பல வண்டிகள் எடைக்குப் போயின. சில மட்டும் கொட்டகையில் நின்றன.

பழைய கார் கிடைப்பது போலப் பழைய பிக்கப் கிடைப்பதில்லை. கார் வீட்டின் பெருமை. அதை மூடி வைத்துக் காத்தார்கள். பிக்கப் உழைப்பு வண்டி. ஓடும்வரை ஓட்டினார்கள், உடைந்தால் கையில் கிடைத்ததைப் போட்டு மீண்டும் ஓட்டினார்கள். அதனால்தான் நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு ஆர்வலரிடையே தேடல் இருக்கிறது.

அசல் எது?

பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஜீப், அம்பாசடர் போன்ற வண்டிகளின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மேட்டடார் எஞ்சினையோ வேறு டீசல் எஞ்சினையோ வைப்பது தமிழ்நாட்டுப் பட்டறைகளில் சாதாரணமாக நடந்த வேலை. பிழைப்புக்கு அது சரியான முடிவுதான். ஆனால் இன்று விற்கும்போது அதுவே சிக்கலாகிறது.

ஒன்றிய அரசு 2021 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, அசல் வடிவம் மாறாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களே 'விண்டேஜ்' எனப் பதிவு பெற முடியும். சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். சான்று 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். இப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. விற்றால், விற்றவரும் வாங்கியவரும் 90 நாள்களுக்குள் தத்தம் மாநிலப் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆக, வயலுக்கும் சந்தைக்கும் ஓடுவதற்காக டீசல் எஞ்சின் வைத்துச் சீரமைத்த வண்டி விண்டேஜ் ஆகாது. விண்டேஜ் ஆன வண்டி மூட்டை ஏற்றிப் பிழைக்க முடியாது. எந்த வகை வாங்குபவருக்கு விற்கப் போகிறோம் என்பதைப் பட்டறை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்வது நல்லது. வேலை முடிந்த பிறகு யோசிப்பவர்கள் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

எஞ்சின் மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாக உறுதி செய்தது. சான்றில் ஓர் எண்ணும் எஞ்சினில் வேறோர் எண்ணும் இருந்தால் பெயர் மாற்றம் அலுவலகத்திலேயே நின்றுவிடும்.

வாங்குபவர் பார்க்க வேண்டியது வண்ணத்தின் பளபளப்பை அல்ல. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது ஒரு வேலை. துருவின் மேலேயே கனமாகப் பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பது வேறு வேலை. ஒரு சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, சக்கரத்தின் மேல்வளைவு, சரக்குப் பெட்டியின் மூலை ஆகிய இடங்களில் வைத்துப் பார்த்தால் பட்டி கனமாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. நேர்மையாக வேலை செய்த விற்பனையாளர், வண்டியைப் பிரித்துப் போட்ட நாளிலிருந்து எடுத்த படங்களையும் பாகங்கள் வாங்கிய ரசீதுகளையும் காட்டுவார். நல்ல விலை கேட்க அவற்றைவிட வலுவான ஆதாரம் வேறில்லை.

ஆர்.சி. புத்தகம்

இன்று நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் பழைய மூன்றெழுத்து வரிசையில் பதிவானவை. கடலூர் மாவட்டமும் அப்போது கிடையாது. 1993 வரை அது தென்னார்க்காடு மாவட்டம். இப்போது கடலூர் அலுவலகத்தின் வரிசை டிஎன் 31, சிதம்பரத்தின் வரிசை டிஎன் 91. பழைய காகிதப் புத்தகத்தின் விவரம் 'வாகன்' கணினிப் பதிவில் ஏறாமல் இருந்தால், முதலில் பதிவு செய்த அலுவலகத்தின் ஏட்டைப் பார்த்து ஏற்றிய பிறகே மற்ற வேலைகள் நடக்கும். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சும் தேவைப்படலாம். அந்த எண் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது டிங்கரிங் செய்பவரின் பொறுப்பு.

பெயர் மாற்றம்

விற்றவர் படிவம் 29இல் அறிவிப்பும், இருவரும் சேர்ந்து படிவம் 30இல் விண்ணப்பமும் தர வேண்டும். மாநிலத்துக்குள் விற்றவருக்கு 14 நாள், வெளிமாநிலத்துக்கு விற்றவருக்கு 45 நாள், வாங்கியவருக்கு 30 நாள் எனச் சட்டம் கெடு வைத்துள்ளது. வெளிமாநிலம் என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்றும் வேண்டும். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35 கொடுத்து அதைச் சான்றிலிருந்து நீக்க வேண்டும்.

நடைமுறையில் பலர் 29, 30 படிவங்களில் தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். வண்டி இரண்டு மூன்று கை மாறும். சான்றில் முதல் பெயரே நிற்கும். இப்படிப் பல கை மாறிய ஒரு கார் 2009இல் விபத்துக்குள்ளாகி உயிரிழப்பு நேர்ந்தது. அந்த வழக்கில் 2018 பிப்ரவரி 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்றது. விற்றுப் பணம் வாங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன என்ற வாதம் எடுபடவில்லை.

லால்பேட்டையில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய செய்தி. அங்கே பல குடும்பங்களில் வண்டி யார் பெயரில் உள்ளதோ அவர் வளைகுடா நாட்டில் இருப்பார். வண்டியை விற்பது ஊரில் உள்ள தம்பியோ மைத்துனரோ. வெளிநாட்டிலிருந்து இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்துடன் அதிகார ஆவணம் அனுப்பி விற்கலாம். ஆனால் அந்த ஆவணம் விற்பவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் தருமே தவிர, பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது. உரிமையாளர் காலமாகியிருந்தால் வாரிசு 30 நாள்களுக்குள் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் தன் பெயருக்கு மாற்றிய பிறகே விற்க முடியும். தாத்தா காலத்து வண்டி என்று பெருமையோடு சொல்லப்படும் பல வண்டிகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன.

விலையும் ஒப்படைப்பும்

இத்தகைய வண்டிக்கு விலைப்பட்டியல் எதுவும் இல்லை. சீரமைப்புச் செலவு முழுவதும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வார்கள். அந்தத் தொகையைச் சந்தை விலையாகக் கொள்ள வேண்டியதில்லை. தொழிலாகச் செய்யாத தனிநபர் தன் சொந்த வண்டியை விற்பதற்கு ஜிஎஸ்டி கிடையாது. பதிவு பெற்ற வணிகர் விற்றால், 2025 ஜனவரி முதல் லாபத் தொகைக்கு 18 சதவீதம் வரி.

சரக்கு வண்டியாகப் பதிவான பழைய பிக்கப்புக்கு, எட்டு ஆண்டு கடந்ததும் ஒவ்வோர் ஆண்டும் எப்.சி. எடுக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாவிட்டால் சரக்கு பெர்மிட் தேவையில்லை, எப்.சி.யிலிருந்து அந்த விலக்கு இல்லை. எப்.சி. முடிந்த வண்டி சட்டப்படி பதிவு இல்லாத வண்டிக்குச் சமம். ஆகவே சிதம்பரத்துக்கு ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்குபவர் கேட்டால் சாவியைக் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட வண்டியை இன்னொரு லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். அந்த வாடகையை யார் கொடுப்பது என்பதையும் அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே எழுதிக்கொள்கிறார்கள்.