பப் உலா: வெளியில் நின்றே பார்த்த ஓர் அறை

லண்டனின் இரவை எம்மவர்கள் பார்த்த அளவுக்கு வேறு யார் பார்த்திருப்பார்கள்? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்து இறங்கியவர்கள் பெற்றோல் நிலையங்களில் இரவு பத்து மணிக்கு வேலை தொடங்கி விடியப்புறம் ஆறு மணிக்கு முடித்தார்கள். வங்கிகளின் தரையைத் துடைத்தார்கள். மினிகாப் ஓட்டினார்கள். பப் மூடியபின் தள்ளாடி வருகிறவர்களுக்கு இரவுச் சாளரத்தின் சிறு துவாரத்தால் சிகரெட்டும் கிறிஸ்ப்ஸும் நீட்டியவர்கள் நாம்தான். ஆனால் அவர்கள் எழுந்து வந்த அந்த அறைக்குள் நாம் போனதில்லை. தோர்ண்டன் ஹீத்தில் முப்பது வருடம் வாழ்ந்து, தினமும் ஒரு பப்பைக் கடந்து ஸ்ரேசனுக்கு நடந்து, அதன் கதவை ஒருநாளும் தள்ளிப் பார்க்காதவர்கள் எங்களில் ஏராளம்.

நாம் குடிக்காத சமூகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிறந்தநாள் விழா மண்டபங்களின் பின்புறக் கார் தரிப்பிடத்தை அறிந்தவர்களுக்கு அது தெரியும். நாம் குடிப்பது கராஜுக்குள்ளும், காரின் டிக்கிக்குப் பக்கத்திலும், திரை இழுத்த முன்னறையிலும்தான். வேலை முடிந்து வந்து தனியாக அரைப் போத்தலை முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதற்கு ஊரில் ஒரு வேர் உண்டு. எங்கட ஊர்களில் தவறணை என்பது மானமுள்ளவன் போகாத இடம். பனங்கள்ளைப் பிளாவில் வாங்கிக் குந்தியிருந்து குடித்துவிட்டு, வேலியோரமாக வீடு வந்து சேரவேண்டும். பெண்கள் அந்தப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. ஐரோப்பியர் விட்டுச்சென்ற ‘தவேர்ன்’ என்ற சொல்தான் எங்கள் வாயில் தவறணையானது. பொருள் மட்டும் அங்கே கீழிறங்கிவிட்டது.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். எமக்குத் தெரிந்த வீடொன்றில், கணக்காய்வு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த மகள், “வியாழக்கிழமை ரீமோட பப்புக்குப் போறன்” என்று சொன்னபோது மூன்று நாள் வீட்டில் கதைபேச்சு இல்லை. ஆனால் எம்மைப்போலக் கணக்குத்துறையில் முப்பது வருடம் இருந்தவர்களுக்கு அந்தப் பப்பின் மதிப்புத் தெரியும். அடுத்த வருடம் எந்த வாடிக்கையாளர் யாருக்கு, எந்தப் பதவி காலியாகப் போகிறது என்பதெல்லாம் அங்கேதான் முதலில் கதைக்கப்படும். ஐந்தரை மணிக்கு மேசையை அடுக்கிவைத்து ரெயினைப் பிடித்த எம்மவர்கள், அந்தச் செய்திகளைத் திங்கட்கிழமை மின்னஞ்சலில் வாசித்தார்கள்.

ஆகவே எங்களில் ஏழு பேர், நாலு ஆண்களும் மூன்று பெண்களும், ஒரு மாலை வழிகாட்டியோடு கூடிய பப் உலாவுக்குப் போனோம். இரண்டு பேர் மதுவே தொடாதவர்கள்.

பப் குறோல் என்பது ஒரே மாலையில் நாலைந்து பப்புகளுக்கு நடந்து போவது. குறோல் என்றால் தவழ்தல். கடைசிப் பப்பில் அது காரணப்பெயர் ஆகிவிடலாம். லண்டனில் இது இரண்டு வகை. கம்டன், ஷோர்டிச், சோகோ பக்கங்களில் நடப்பது இளையோருக்கானது. ஒரு கட்டணத்தில் சில பப்புகளும் கடைசியில் ஒரு கிளப் நுழைவும் இருக்கும். சத்தம் கூட, விளக்கம் குறைவு. மற்றது வரலாற்று நடை. ஒரு வழிகாட்டி பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பழைய பப்புகளின் கதையைச் சொல்லி நடப்பார். ஒவ்வொரு பப்பிலும் அரை மணித்தியாலம். கட்டணம் அவருடைய பேச்சுக்குத்தான். என்ன குடிப்பது, குடிப்பதா இல்லையா என்பது உங்கள் பொறுப்பும் உங்கள் காசும். நாம் போனது இந்த இரண்டாவது வகை.

தோர்ண்டன் ஹீத்திலிருந்து லண்டன் பிரிட்ஜுக்கு நேரடி ரெயின் உண்டு. அங்கே இறங்கினால் பறோ ஹைஸ்ரீற். இந்த வீதியிலிருந்து தொடங்குவதற்குப் பொருத்தமான காரணம் ஒன்று இருக்கிறது. சோசரின் கன்ரபரிக் கதைகளில் யாத்திரிகர்கள் ஒன்றுகூடுவது இங்கிருந்த ரபார்ட் என்ற சத்திரத்தில். அந்தச் சத்திரக்காரரே, ‘நான் என் சொந்தச் செலவில் உங்களுக்கு வழிகாட்டியாக வருகிறேன்’ என்று புறப்படுகிறார். ஆனால் நல்ல கதை சொல்பவருக்கு மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து, திரும்பி வந்து அவருடைய சத்திரத்திலேயே விருந்து வாங்கிக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கணக்குத் தெரிந்த மனிதர்! ரபார்ட் 1873 இல் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் பக்கத்தில் நின்ற ஜோர்ஜ் சத்திரம் இன்னும் நிற்கிறது.

ஜோர்ஜை ஒருமுறை எல்லோரும் பார்க்கவேண்டும். 1676 இல் சதர்க்கைத் தீ எரித்தபோது அதுவும் எரிந்து, அடுத்த வருடம் திரும்பக் கட்டப்பட்டது. முற்றத்தைப் பார்த்த மர விறாந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். எங்கட நாற்சார் வீட்டை மாடி வைத்துக் கட்டினால் எப்படியிருக்கும், ஏறக்குறைய அப்படி. குதிரை வண்டிகள் வந்து தங்கிப் புறப்பட்ட இடம் அது. 1836 இல் லண்டன் பிரிட்ஜில் ரெயில் நிலையம் வந்தது; குதிரை வண்டி வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வாங்கிய ரெயில்வே கொம்பனி 1889 இல் இரண்டு பக்கங்களை இடித்துவிட்டது. மிஞ்சியது ஒரு பக்கம் மட்டுமே. 1937 இலிருந்து அது நாஷனல் ரஸ்றின் சொத்து. லண்டனில் இப்படி விறாந்தை வைத்த வண்டிச் சத்திரம் வேறொன்றும் மிஞ்சவில்லை.

உள்ளே போனதும் எங்களில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “அண்ணை, இது எங்கட தவறணைதானே, வாங்கில்தான் நல்லது.” ஒரு விதத்தில் சரி. ஆனால் பக்கத்து மேசையில் ஒரு பாட்டியும் பேத்தியும் மீனும் சிப்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஒருவர் பத்திரிகை வாசித்தார். எங்களோடு வந்த அக்கா ஒருவர் ஒரேஞ் ஜூஸை வாங்கிக்கொண்டு அரை மணித்தியாலம் இருந்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. “இவ்வளவுதானா?” என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

உள்ளே சில வழக்கங்கள் உண்டு. மேசையில் இருந்தால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். பாரில் போய் நீங்களே வாங்கவேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. உங்களுக்கு முன் வந்தவர் யாரென்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்குவது ரவுண்ட். அடுத்தது இன்னொருவர் முறை. ஜூஸ் குடிப்பவரும் தன் முறைக்கு வாங்கலாம், அது பெரிய மரியாதை. இந்த ரவுண்டையே அரசாங்கம் ஒருமுறை தடைசெய்தது தெரியுமா? முதலாம் உலகப்போர்க் காலத்தில், 1915 ஒக்டோபரில், லண்டனில் ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக்கொடுப்பது குற்றமாக்கப்பட்டது. ஆயுதத் தொழிற்சாலை வேலையாட்கள் அதிகம் குடிக்கிறார்கள் என்ற பயம். பின்னேரத்தில் பப்புகளை மூடவேண்டும் என்ற விதியும் அந்தப் போரோடு வந்ததுதான். போர் முடிந்தும் அது போகவில்லை. 1988 வரை இருந்தது. எங்கள் முதல் ஆட்கள் வந்தபோது பின்னேரம் பப்புகள் பூட்டிக் கிடந்தது அதனால்தான்.

அளவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஒரு பைன்ற் என்பது 568 மில்லிலீற்றர். 4 வீத பியர் என்றால் அதில் ஏறக்குறைய 2.3 யூனிற் மது. இந்நாட்டு வைத்திய அதிகாரிகள் 2016 இலிருந்து சொல்லும் வாராந்த எல்லை 14 யூனிற். ஐந்து பப்பில் ஐந்து பைன்ற் குடித்தால் பதினொன்றைத் தாண்டிவிடும். அனுபவமுள்ளவர்கள் அரைப் பைன்றாக வாங்குவது இதற்காகத்தான். இதை எங்கள் விழாக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 40 வீத விஸ்கி 70 சென்ரிலீற்றர் போத்தலில் 28 யூனிற் இருக்கிறது. இரண்டு பேர் ஒரு இரவில் அதை முடித்தால் இருவருக்கும் அந்த வாரக் கணக்கு முடிந்தது. கராஜில் யாரும் அளந்து ஊற்றுவதில்லை. பப்பில் விஸ்கி 25 அல்லது 35 மில்லிலீற்றர் அளவில்தான் வரும். வெறி ஏறியவருக்கு ஊற்றுவது ஊற்றுபவரின் குற்றம். தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும்.

இந்தச் சட்டமெல்லாம் எம்மவர் பலருக்கு மனப்பாடம் என்பதுதான் வேடிக்கை. மதுவைக் கொண்டுபோகும்படி விற்கும் கடைகளை நடத்துகிறவர்கள் நாம். 2003 ஆம் ஆண்டு அனுமதிச் சட்டம் பப்புக்கும் அந்தக் கடைகளுக்கும் ஒன்றுதான். மது விற்கும் சட்டம் தெரியும். அதை இருந்து குடிக்கும் அறைதான் தெரியாது.

பப் ஏன் இவ்வளவு விலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். 6 பவுணுக்கு ஒரு பைன்ற் விற்றால் அதில் சரியாக 1 பவுண் வற் வரி. மதுத் தீர்வை, 4 வீத பியருக்கு, 40 பென்சுக்குச் சற்று மேல். மிச்சத்தில்தான் பியரின் விலை, சம்பளம், வாடகை, கவுன்சிலுக்குக் கட்டும் வியாபார வரி, மின்சாரம், குளிரூட்டி எல்லாம். பல பப்காரர்களுக்குக் கட்டடமும் சொந்தமில்லை. கட்டடத்தின் உரிமையாளரான பெரிய கொம்பனி, ‘பியரை என்னிடமே வாங்கவேண்டும்’ என்ற நிபந்தனையோடு குத்தகைக்குக் கொடுக்கும். அந்த விலை வெளிச்சந்தையைவிடக் கூடவாக இருக்கும். மிகப் பெரிய கொம்பனிகளின் குத்தகைக்காரர் அந்தப் பிணைப்பிலிருந்து விலகிச் சந்தை வாடகை மட்டும் கேட்கும் வழி 2016 இல்தான் வந்தது. மறுபக்கத்தில் சுப்பர்மார்க்கற்றில் அதே பியர் மூன்றிலொரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. குடி வீட்டுக்குள் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், நாம் கணக்கு எழுதிக்கொடுத்த எத்தனையோ எம்மவர் கடைகள் அந்த மாற்றத்தில்தான் பிழைத்தன.

இனி, வழிகாட்டி சொல்லாத ஒரு பப் உலாவைப்பற்றி. நாம் போனதைவிட அதுதான் முக்கியமானது.

பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக் என்று ஒரு ஊர். அறுபதுகளில் அங்கே பல பப்புகளில் நிறத்தடை இருந்தது. வெள்ளையரல்லாதவர் பாருக்குள் நிற்கலாம். நல்ல இருக்கைகள் உள்ள அறைக்குள் போகமுடியாது. சில இடங்களில் எங்கேயும் முடியாது. அங்கே இரும்பு வார்ப்பகத்தில் வேலைசெய்த பஞ்சாபியர் அவ்தார் சிங் ஜௌல். இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். அவரும் தோழர்களும் வெள்ளைப் பல்கலைக்கழக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பப் பப்பாகப் போனார்கள். மாணவர்களுக்கு ஊற்றிக்கொடுத்துவிட்டு இவர்களுக்கு மறுத்தால், மாணவர்களே சாட்சி. பப் குறோல் என்ற விளையாட்டை அவர்கள் போராட்ட முறையாக்கினார்கள். 1965 பெப்ரவரி 12 இல் அமெரிக்காவின் மல்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்தபோது, ஜௌல் அவரை புளூ கேற்ஸ் என்ற பப்புக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருக்கும் மறுப்புத்தான். ஒன்பது நாள் கழித்து மல்கம் எக்ஸ் நியூயோர்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வருடம் நவம்பரில் பிரித்தானியாவின் முதலாவது இன உறவுச் சட்டம் நிறைவேறி, பப் போன்ற பொது இடங்களில் நிறம் பார்த்து மறுப்பதைச் சட்டவிரோதமாக்கியது. வீடும் வேலையும் 1968 வரை காத்திருக்கவேண்டி வந்தது.

இதை வெள்ளையரின் கொடுமை என்று மட்டும் சொல்லி நாம் நகர்ந்துவிட முடியாது. இலங்கையில் சாதி பார்த்துப் பொது இடங்களில் மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது, பிரித்தானியாவுக்கு எட்டு வருடம் முந்தி. அப்படியிருந்தும் யாழ்ப்பாணத் தேநீர்க் கடைகளில் எல்லோருக்கும் ஒரே குவளை கிடைக்க, 1966 க்குப் பிறகு சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் ஆட்கள் போராடவேண்டி இருந்தது. ஜௌல் ஸ்மெதிக்கில் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒரே வேலை: உள்ளே போய் இருந்து, எனக்கும் ஒன்று தா என்று கேட்பது.

பின்னாளில் அந்தப் பகுதியின் பஞ்சாபியர் பல பப்புகளைத் தாங்களே எடுத்து, பியரோடு தந்தூரி இறைச்சியும் விற்று, ‘தேசிப் பப்’ என்று ஒரு வகையையே உண்டாக்கினார்கள். வெள்ளைக்கார அயலவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். மூடப்படவிருந்த பல பப்புகள் அப்படித் தப்பின. எங்கள் பறோ நடை முடிந்த இடத்திலிருந்து சில நிமிடத்தில், லான்ற் ஸ்ரீற்றிலும் அப்படி ஒன்று உண்டு: கிளாட்ஸ்ரன் ஆர்ம்ஸ். மீன் கட்லற்றும் மிளகாய்ப் பொடி போட்ட கடலையும் வைத்து நம்மவர் ஒருவர் தொடங்கினால் ஓடாதா என்று எங்களுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாடகையில் இடித்தது.

தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்புவோம். எங்கள் பகுதியிலும் பழைய பப் கட்டடங்கள் சில வேறு வேலைக்குப் போய்விட்டன. இருப்பவையும் எத்தனை நாளுக்கோ. 2017 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் பப்பை வேறு தேவைக்கு மாற்றத் திட்ட அனுமதி வேண்டும். அதைவிட, 2011 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியும்படி கவுன்சிலைக் கேட்கலாம். பதிந்துவிட்டால், விற்பனைக்கு வரும்போது, சமூகக் குழு ஒன்று வாங்க முயல்வதற்காக அதை ஆறு மாதம்வரை நிறுத்திவைக்க முடியும். பதிவு செய்யப்படாத உள்ளூர்க் குழுவாக இருந்தால், விண்ணப்பிக்க வாக்காளர் இடாப்பில் உள்ள 21 உள்ளூர் ஆட்கள் போதும். எங்கள் ஊர்ச் சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில், சாப்பாட்டுக்கு முன்னரே, அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.