கர்ப்பிணிகள் பூனைக் கழிவை அள்ளக் கூடாது என்கிறார்களே, ஏன்?

பேத்தமங்களா ஏரிக்கரையோரம் ஒரு வீடு. கொத்தமல்லிப் பாத்தியில் பூனை மண்ணைக் கிளறி மலம் கழித்து, மூடிவிட்டுப் போகிறது. அந்த வீட்டுக் கர்ப்பிணிக்கு இதில் என்ன ஆபத்து?

டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்கிருமி பூனையின் குடலில்தான் முட்டையிடும். அந்த முட்டை கெட்டித் தோல் போர்த்திய விதை மாதிரி. வெளியே வந்து 1 முதல் 5 நாளில் முற்றும்; முற்றிய பிறகே தொற்றும். ஈரமண்ணில் மாதக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீரில் கலக்கும் குளோரினும் அதைக் கொல்லாது. 2004-ல் கோயம்புத்தூரில் பலரின் கண்ணைத் தாக்கிய இந்தக் கிருமித் தொற்று, குடிநீர் வழியே வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள்.

கழுவாத கீரை, மண் ஒட்டிய கை, அரைவேக்காட்டு இறைச்சி வழியே கிருமி வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலக்கிறது. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம். ஆனால் கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். முன்பே வந்துபோயிருந்தால், எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் காத்துவிடும்.

அப்படியானால் பூனையை விரட்ட வேண்டுமா? வேண்டாம். முட்டை முற்றுவதற்குள், கழிவை வேறொருவர் தினமும் அகற்றட்டும். கீரையை நன்றாகக் கழுவுங்கள். இறைச்சியை முழுதாக வேகவையுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

பிள்ளை பெற்றவர்களே, குழந்தைக்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். சந்தேகமிருந்தால் ரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.