‘குளோபல் ஹெல்த்’ படிக்க வெளிநாடா? வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் கேட்கவேண்டியவை!

“எம்.பி.ஹெச் படிக்கப் போறேன்ப்பா” என்று பி.டி.எஸ் முடித்த மகள் சொன்னதும், பல வீடுகளில் முதலில் எழுவது சந்தேகம்தான். “பல் டாக்டருக்குப் படிச்சுட்டு இது எதுக்கும்மா?” என்பார் அப்பா. “அமெரிக்காவுல படிச்சா அங்கேயே கிளினிக் வெச்சுக்கலாமா?” என்று ஆர்வமாகக் கேட்பார் அத்தை. அதற்குள் லேப்டாப்பில் மூன்று பல்கலைக்கழகங்களின் பக்கங்கள் திறந்திருக்கும். மூன்றிலும் ‘குளோபல் ஹெல்த்’ என்ற வார்த்தை பளிச்சென்று மின்னும்.

அத்தையின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். முடியாது. எம்.பி.ஹெச் என்பது பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம். அது எந்த நாட்டிலும் நோயாளியைப் பார்ப்பதற்கான உரிமத்தைத் தராது. அமெரிக்காவில் பல் மருத்துவம் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனித் தேர்வு, தனிப் படிப்பு. எம்.பி.ஹெச்சை அதற்கான பாலமாக மட்டும் நினைத்து விமானம் ஏறுபவர்களும் உண்டு. அது தவறில்லை. ஆனால், அந்தப் பாலத்துக்கு என்ன விலை என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

அப்பாவின் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமான பதில் தேவைப்படுகிறது.

சேத்துப்பட்டில் நடந்த கதை

காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு வேண்டும் என்பதுதான் ஒருகாலத்தில் உலகம் நம்பிய வைத்தியம். இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கோ படுக்கைகள் கொஞ்சமும் போதாது. 1956-ல் சென்னையில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகியவை கைகோத்த மையம் அது. 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு, நெருக்கடியான வீட்டில், கிடைக்கிற சாப்பாட்டோடு, மாத்திரை மட்டும்.

முடிவு 1959-ல் வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூடவே இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் நோய் அதிகம் பரவவில்லை. பல நாடுகள் காசநோய் சிகிச்சையை சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு மாற்றியதற்கு இந்த ‘மெட்ராஸ் ஆய்வு’ முக்கியமான காரணம். அந்த மையம்தான் சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

குளோபல் ஹெல்த் என்றால் இதுதான். ஓர் ஊரில் எழும் கேள்விக்கு முறையாகக் கணக்கெடுத்து விடை கண்டுபிடித்து, அதைப் பத்து நாடுகளுக்குப் பயன்பட வைப்பது. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதைவிட நோயை எண்ணிப் பார்ப்பதுதான் இதில் அதிகம். ‘ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு போட்டோ எடுத்துக்கொள்வது’ என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே புள்ளியியல் வகுப்பில் முழிப்பார்கள்.

பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்தைப் பாருங்கள்

ஒரே பெயரில் ரொம்பவே வேறுபட்ட படிப்புகள் இருக்கின்றன. சில இடங்களில் குளோபல் ஹெல்த் ஒரு தனித் துறை. அமெரிக்காவின் எமரி, வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் அப்படி. வேறு சில இடங்களில் அது வழக்கமான எம்.பி.ஹெச்சோடு ஒட்டவைத்த மூன்று, நான்கு பாடங்கள்தான். சான்றிதழில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியலாம்.

ஒரே கல்லூரிக்குள்ளேயே இரண்டு கதவுகள் இருப்பதும் உண்டு. 1916-ல் உருவான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொது சுகாதாரப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். அங்கே முழுநேர எம்.பி.ஹெச் 11 மாதங்கள். வெறும் இளநிலைப் பட்டத்தோடு விண்ணப்பிக்க, சுகாதாரத் துறையில் குறைந்தது இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். கல்லூரியிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு அதே வளாகத்தில் சர்வதேச சுகாதாரத் துறை நடத்தும் எம்.எஸ்.பி.ஹெச் இருக்கிறது. அது இரண்டு வருடப் படிப்பு. வகுப்புகள் முடிந்த பிறகு களத்துக்கு அனுப்புவார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் தப்பான கதவைத் தட்டினால் விண்ணப்பக் கட்டணம்தான் போகும்.

ஆகவே, பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு கட்டாயப் பாடங்களை மட்டும் படித்துப் பாருங்கள். நோய்ப்பரவலியல் எத்தனை தாள்கள்? புள்ளியியல் அடிப்படையோடு நின்றுவிடுகிறதா, அடுத்த கட்டத்துக்கும் போகிறதா? ஆர், ஸ்டாட்டா போன்ற மென்பொருள்களைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார்களா? ஒரு திட்டத்துக்கு பட்ஜெட் போடவும் மதிப்பீடு செய்யவும் சொல்லித்தருகிறார்களா? வேலைக்கு எடுப்பவர்கள் கேட்பது இவற்றைத்தான். ‘உலக சுகாதாரத்தின் சவால்கள்’ என்ற தலைப்பில் வாரம் ஒரு சிறப்பு விருந்தினர் பேசும் வகுப்பு கேட்க சுகமாக இருக்கும். அதை மட்டும் வைத்து வேலை கிடைக்காது.

அடுத்தது களப்பயிற்சி. அமெரிக்காவில் சி.இ.பி.ஹெச் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஹெச் என்றால் களப்பயிற்சி கட்டாயம். ஆனால், இடம் யார் பிடித்துத் தருவார்கள், விமான டிக்கெட்டுக்கு யார் பணம் தருவார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ‘40 நாடுகளில் எங்கள் மாணவர்கள்’ என்று வரைபடம் போடும் சில இடங்களில், அந்த நாடுகளுக்குப் போகும் செலவு மாணவர் பாக்கெட்டிலிருந்து வந்திருக்கும். இதை நேரடியாக மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன சோதனை. போனிலேயே செய்யலாம். நீங்கள் யாரிடம் படிக்க ஆசைப்படுகிறீர்களோ, அந்தப் பேராசிரியரின் பெயரை ‘பப்மெட்’ தளத்தில் போட்டுத் தேடுங்கள். கென்யாவைப் பற்றிய கட்டுரையில் கென்ய ஆராய்ச்சியாளர்களின் பெயர் முதலிலோ கடைசியிலோ இருக்கிறதா, நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறதா, இல்லவே இல்லையா? வந்து ரத்த மாதிரியை எடுத்துக்கொண்டு போய், தன் ஊரில் உட்கார்ந்து கட்டுரை எழுதுபவரிடம் கற்றுக்கொள்ள ஒரு மாணவருக்கு அதிகம் இருக்காது. நம் ஊர் மாணவருக்கு இது இன்னும் முக்கியம். நாளைக்கு அவர் அந்தக் கட்டுரையின் எந்த இடத்தில் இருப்பார் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

2025-ல் மாறிப்போன கணக்கு

இந்தப் படிப்பை முடித்தவர்களுக்கு வேலை கொடுத்தவர்கள் யார்? வெளிநாட்டு உதவிப் பணத்தில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், ஆய்வுத் திட்டங்கள், ஐ.நா அமைப்புகள். அந்தப் பணத்தில் பெரும் பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 2025 ஜனவரியில் அந்த உதவிகள் நிறுத்திவைக்கப்பட்டன. யு.எஸ்.எய்டு திட்டங்களில் 80 சதவிகிதத்துக்கும் மேல் ரத்தாயின. ஜூலை முதல் தேதியோடு அந்த நிறுவனத்தின் மிச்சம் மீதி வேலைகளும் வெளியுறவுத் துறைக்குப் போய்விட்டன. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாகவும் அமெரிக்கா அறிவித்தது. எமரி பல்கலைக்கழகத்தின் பக்கத்து வீடு போல இருக்கும் சி.டி.சி-யிலும் ஆட்குறைப்பு நடந்தது. பத்து, பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களே இன்று வேலை தேடும் வரிசையில் புதியவர்களோடு நிற்கிறார்கள்.

பழைய மாணவர்களின் வேலைவாய்ப்புப் பட்டியலைக் கல்லூரி காட்டும்போது, அது எந்த ஆண்டின் பட்டியல் என்று பாருங்கள். 2023-ல் படிப்பை முடித்தவர்களின் கணக்கு இன்று உதவாது.

விசாவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அமெரிக்காவில் படிப்பு முடித்ததும் 12 மாதங்கள் வேலை பார்க்கலாம். ‘ஸ்டெம்’ பட்டியலில் இருக்கும் படிப்பு என்றால் இன்னும் 24 மாதங்கள் கூடுதல். நோய்ப்பரவலியலும் உயிரிப் புள்ளியியலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பொதுவான எம்.பி.ஹெச், குளோபல் ஹெல்த் பிரிவுகள் பெரும்பாலும் இல்லை. ஒரே கல்லூரி, ஒரே கட்டணம், ஒரே கட்டடம். பிரிவின் பெயர் மாறினால் வேலை பார்க்கும் காலம் ஒரு வருடமா, மூன்று வருடமா என்பதும் மாறிவிடும். சேரும் முன்பு அந்தப் படிப்பின் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டன் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. 1899-ல் தொடங்கிய லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிகல் மெடிசின், இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர். முதுகலை ஒரே வருடம் என்பதால் செலவும் ஒரு வருடத்தோடு முடியும். ஆனால், 2024 ஜனவரியிலிருந்து வகுப்புவழி முதுகலை மாணவர்கள் கணவரையோ மனைவியையோ குழந்தையையோ சார்ந்தோர் விசாவில் அழைத்துப்போக முடியாது. கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு நர்ஸுக்கு, கல்லூரியின் ரேங்க்கைவிட இந்த ஒரு வரி பெரியது.

மாதம் 66,000 ரூபாய்

அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். உதவித்தொகை கழித்து, கையில் இருப்பதைப் போட்டு, மீதி 50 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவிகித வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 66,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேராது. ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாக சொத்துப் பிணை கேட்கும். அப்பா ஓய்வுபெறும்போது கட்டிய வீட்டின் பத்திரம் வங்கிக்குப் போவது அப்படித்தான்.

டாலரில் சம்பளம் வந்தால் கட்டிவிடலாம். வராமல் ஊர் திரும்பினால், இங்கே ஒப்பந்த அடிப்படையில் கிடைக்கும் ஆரம்பநிலை சுகாதாரத் திட்ட வேலையின் சம்பளத்தை அந்தத் தவணையே விழுங்கிவிடும். ஏழைகளின் ஆரோக்கியத்துக்காக உழைக்க ஆசைப்பட்டு இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தவர், கடைசியில் கடனைக் கட்டுவதற்காக ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கோப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். தன் பணத்தில் படிக்க முடிந்தவர்களுக்குப் பிரச்னையில்லை. மற்றவர்கள் முழு உதவித்தொகை இல்லாமல் இந்தப் படிப்புக்கு வீட்டை வைப்பது நியாயமான ரிஸ்க் இல்லை.

முழு உதவித்தொகை கிடைக்குமா? கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் வேலை அனுபவம் கேட்பார்கள். பிரிட்டனின் செவனிங் இரண்டு வருட அனுபவம் கேட்கிறது. முடித்ததும் இரண்டு வருடங்கள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு, ஜெர்மனிக்கு டாட், பல ஐரோப்பிய நாடுகளுக்கு எராஸ்மஸ் முண்டஸ், பிரிட்டனுக்கு காமன்வெல்த் என்று வழிகள் உண்டு. பட்டியலின, பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும், மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன.

அனுபவத்தை எங்கே சேர்ப்பது? இங்கேதான். உலகம் படிக்க வரும் களம் நம் பக்கத்தில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி-க்கு வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் பயிற்சிக்காக வருகிறார்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பூசியின் பரிசோதனை நடந்த இந்திய மையங்களில் வேலூரும் ஒன்று. அந்த ஆராய்ச்சியில் முக்கியப் பங்காற்றிய ககன்தீப் காங், 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வான முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி ஆனார். பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டத்தை 1939-லேயே போட்ட மாகாணம் நம்முடையது. ஒரு தாலுகாவில் தடுப்பூசிக் கணக்கெடுப்பில் ஒரு வருடம் அலைந்தவரின் விண்ணப்பக் கட்டுரை, ‘சிறுவயதிலிருந்தே சேவை செய்ய ஆசை’ என்று தொடங்கும் கட்டுரையைவிட எப்போதும் கனமாக இருக்கும்.

படிப்பையே இங்கே முடிக்க நினைத்தாலும் இடங்கள் உண்டு. அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம், 1997-லேயே எம்.பி.ஹெச் தொடங்கிய திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். வெளிநாட்டோடு ஒப்பிட்டால் இங்கெல்லாம் செலவு ரொம்பக் குறைவு. டாக்காவின் பிராக் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஜேம்ஸ் பி. கிராண்ட் பொது சுகாதாரப் பள்ளியைப் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. மாணவர்கள் வங்கதேசக் கிராமங்களுக்குள்ளேயே போய்ப் படிக்கும் இடம் அது. ருவாண்டாவில் ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ அமைப்பு 2015-ல் உருவாக்கிய பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே குளோபல் ஹெல்த் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ள டாக்கா, ருவாண்டா என்ற பெயர்கள் எடுபடாமல் போகலாம். ஆனால், கற்றுக்கொள்ள வேண்டிய களம் அங்கே வாசலிலேயே தொடங்குகிறது.

எல்லாம் யோசித்து, அமெரிக்காதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். பெரும்பாலான பொது சுகாதாரப் பள்ளிகளுக்கு ‘சோஃபாஸ்’ என்ற ஒரே தளத்தில் விண்ணப்பிக்கலாம். பல இடங்களுக்கான கடைசித் தேதி டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும். இந்திய மதிப்பெண் சான்றிதழ்களை அதற்கு முன்பே வெளிநாட்டு மதிப்பீட்டுக்கு அனுப்பவேண்டியிருக்கும். அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் வேண்டும். தமிழ்நாட்டில் பி.டி.எஸ், நர்ஸிங், பிசியோதெரபி முடித்தவர்களில் பலருக்கு அது கிண்டியில் இருக்கும் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வர வேண்டும். வாரக்கணக்கில் ஆகலாம். அடுத்த வருடம் வகுப்பில் உட்கார ஆசை என்றால், இந்த வருடம் ஆகஸ்டிலேயே கிண்டிக்கு ஒரு நடை போய்விட்டு வந்துவிடுங்கள்.