விண்மீனை நிறுக்கும் தராசு

நம் பரமத்தி வேலூர்ப் பகுதியில் வெல்ல மூட்டையையும் கொப்பரையையும் நிறுக்கத் தராசு உண்டு. எட்டாத வானத்து விண்மீனை எங்ஙனம் நிறுப்பது?

பெரிய விண்மீன் ஒன்று வெடித்தபின் எஞ்சும் உள்ளகமே நியூட்ரான் விண்மீன். அருகில் சுற்றும் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்களை அது ஈர்த்துக்கொள்கிறது. மேற்பரப்பில் சேரும் வாயு திடீரென அணுக்கருப் பிணைவால் பற்றி எரியும்போது எக்ஸ் கதிர்கள் சில வினாடிகள் பீறிட்டு எழுகின்றன. 1975ஆம் ஆண்டு செயற்கைக்கோள் வழியே இத்தகைய வெடிப்பு கண்டறியப்பட்டது. அவ்விண்மீனின் பெயர் 4யூ 1820-30. தனுசு ராசியில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் என்.ஜி.சி. 6624 என்னும் விண்மீன் கொத்தில் அது உள்ளது.

உலை கொதிக்கும்போது ஆவி மூடியைத் தூக்குவதை நாம் அறிவோம். மூடி கனமானால் அதிக ஆவி வேண்டும். அதுபோல, வெடிப்பின் ஒளி வெளிநோக்கித் தள்ளுகிறது. விண்மீனின் ஈர்ப்பு உள்நோக்கி இழுக்கிறது. ஒளியின் கை ஓங்கும் கணத்தில் மேலுறை ஊதிப் பருத்து, பின் தணிகிறது. அதற்கு எவ்வளவு ஒளி தேவைப்பட்டது என்று கண்டால் நிறை புலப்படும். பின்னர் அது குளிரும்போது வெப்பநிலையும் ஒளியும் சேர்ந்து விண்மீனின் பருமனைக் காட்டுகின்றன.

2010இல் வெளியான கணக்கின்படி இவ்விண்மீனின் நிறை சூரியனைப் போல் 1.58 மடங்கு; ஆரம் 9 கிலோமீட்டர். 2016இல் மீண்டும் கணக்கிட்டபோது அவை ஏறத்தாழ 1.5 மடங்கும் 11 கிலோமீட்டரும் ஆயின. சூரியனை விஞ்சும் நிறை, நம் ஊரிலிருந்து நாமக்கல் செல்லும் தொலைவுக்குள் அடங்கிவிடுகிறது!

விடைகள் ஏன் வேறுபடுகின்றன? தொலைவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் கணித்தால் ஒளியின் அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எரிவது ஹைட்ரஜனா, ஹீலியமா என்பதைப் பொறுத்தும் விடை மாறும். சரியான விடை கிடைத்தால், எந்த ஆய்வுக்கூடத்திலும் உண்டாக்க இயலாத அந்த அடர்த்தியில் பருப்பொருள் எவ்வாறு இருக்கும் என்பதை அறியலாம்.

எக்ஸ் கதிர்களை நம் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆதலால் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளை ஏவியது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் அமைத்த அதன் கருவி, 4யூ 1728-34 என்னும் மற்றொரு விண்மீனின் வெடிப்பில் வினாடிக்கு 363 துடிப்புகளைப் பதிவு செய்தது. அது அவ்விண்மீன் சுழலும் வேகமாகும்.

தோழியரே, தொடாமலே நிறுக்கும் இத்தராசின் ஒரு தட்டு கணிதம், மறுதட்டு பௌதிகம். இரண்டையும் நாம் விரும்பிக் கற்போமாக!