நெடுநாள் துணை

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிப் பாடல் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவர் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவர் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பேணுபவர் நான்காவது கூறு. சொந்த ஊரில் நோய் வந்தால் இந்த நான்காவது கூறு கேளாமலேயே அமைந்துவிடுகிறது. அத்தை கஞ்சி வைப்பார். சிற்றப்பா மருத்துவமனைக்கு நடப்பார். அண்டை வீட்டார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வர். பிழைப்பை நாடித் தில்லிக்கும் மும்பைக்கும் பிலாய்க்கும் வந்து குடியேறிய நமக்கு அத்தையும் சிற்றப்பாவும் இரண்டு நாள் இரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கின்றனர். இங்கே அந்த நான்காவது கூறு நண்பர்களே ஆவர்.

ஒரு வாரக் காய்ச்சலுக்கு நண்பர்கள் துணை நிற்பது எளிது. ஆண்டுக் கணக்கில் நீளும் நோய்க்கு எவ்வாறு துணை நிற்பது? இரத்தப் புற்றுநோய் அத்தகைய நோய்களுள் ஒன்று. அதனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வோம்.

நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்கள் பிறக்கும் இடம். உயிர்க்காற்றைச் சுமக்கும் செவ்வணுக்கள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள், இரத்தக் கசிவை அடைக்கும் தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்கேதான் உருவாகின்றன. செவ்வணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். தட்டணுவின் ஆயுள் பத்து நாட்களுக்கு மேற்படாது. ஆகவே மஜ்ஜை ஓய்வின்றி உழைத்தாக வேண்டும். இரத்தப் புற்றுநோயில், முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்கின்றன. பயிருக்குரிய நிலத்தைக் களை பற்றிக்கொள்வது போன்றது இது. செவ்வணு குறைவதால் சோர்வும், நல்ல வெள்ளணு குறைவதால் தொற்றும், தட்டணு குறைவதால் இரத்தப் போக்கும் உண்டாகின்றன. இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதன்று. நோயாளியின் பாத்திரத்தையும் பாயையும் விலக்கிவைக்க எக்காரணமும் இல்லை.

இதனைத் தீராத நோய் என்றே உலகம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த எண்ணத்தில் முதல் விரிசலை உண்டாக்கிய மருந்தில் ஓர் இந்தியருக்குப் பங்கு இருந்தது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவரே. அவருடைய ஆய்வுக்கூடத்தார் அளித்த அமினாப்டெரின் என்னும் மருந்தைக் கொண்டு, பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டிய செய்தி 1948-இல் வெளிவந்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றும் இந்நோய்க்குத் தரப்படுகிறது. நாட்பட்ட வகைகளுள் ஒன்றுக்கு, 2001-இல் வழக்குக்கு வந்த இமாட்டினிப் என்னும் மாத்திரை பலருக்கு ஏறத்தாழ இயல்பான ஆயுளையே அளித்திருக்கிறது. அம்மருந்தின் காப்புரிமை வழக்கில் 2013-இல் நம் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், இந்திய நிறுவனங்கள் அதனைக் குறைந்த விலையில் தொடர்ந்து தயாரிக்க இயன்றது.

ஆனால் கடுமையான வகைகளுக்கு மாத்திரை மட்டும் போதாது. அவற்றுள் ஒன்றான நிணநீர் அணு வகையின் சிகிச்சைக் காலத்தைச் சற்றே நோக்குவோம். முதல் மாதம் மருத்துவமனையில் கடும் மருந்துகள். பின்னர்ச் சில மாதங்கள் மீண்டும் மீண்டும் மருந்தேற்றுதல். அதன்பின் ஏறத்தாழ இரண்டாண்டுகள் வீட்டிலிருந்தே மருந்துண்ணுதல். ஆக மொத்தம் இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

நண்பர்களின் அன்போ வேறொரு கணக்கில் நடக்கிறது. முதல் வாரத்தில் முப்பது பேர் ஆப்பிளும் ஆரஞ்சும் ஏந்தி வருகின்றனர். நோயாளியின் உடலில் எதிர்ப்பாற்றல் அற்றுப்போய், கூட்டமே ஆபத்தாக இருக்கும் நேரம் அது. எட்டாம் மாதத்தில் கையிருப்புக் கரைந்து, மனைவியின் உடலும் தளர்ந்திருக்கும்பொழுது, கதவைத் தட்டுவார் இல்லை. இந்த இரண்டு கணக்குகளையும் ஒத்துப்போகச் செய்வதே நண்பர் குழுவின் முதல் வேலை.

தில்லி இராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நண்பர் ஒருவருக்கு இந்நோய் கண்டது. வயது முப்பத்து நான்கு. மனைவி, மூன்றாம் வகுப்பில் பயிலும் மகள், கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் தாயார், இதுவே குடும்பம். நாங்கள் பதினொருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒரு குறிப்பேட்டில் வேலைகளைப் பகுத்து எழுதினோம். இரத்தம், உணவு, குழந்தை, காகிதம் என்று நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் இருவர் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாறும். நண்பரின் உடல்நிலையை மற்றவர்க்கு அறிவிக்க ஒருவர் மட்டும் நியமிக்கப்பெற்றார். அதனால், நாள்தோறும் இருபது பேருக்கு ஒரே துயரத்தைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லும் வேதனையிலிருந்து அவர் மனைவி தப்பினார்.

முதலில் இரத்தம். செவ்வணுக்களைக் குளிரில் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் காக்கலாம். தட்டணுக்களோ ஐந்து நாட்களுக்கு மேல் நில்லா. ஆகவே தட்டணு வேண்டும்பொழுது கொடையாளர் உடனே கிடைக்க வேண்டும். பொறியின் வழியே தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சிய இரத்தத்தைக் கொடையாளர் உடலுக்கே திருப்பிச் செலுத்தும் முறை உண்டு. ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். முழு இரத்தம் கொடுத்த ஆண்கள் 90 நாட்களும் பெண்கள் 120 நாட்களும் காத்திருக்க வேண்டும். தட்டணுவோ 48 மணி நேரம் கழித்து மீண்டும் கொடுக்கலாம். ஆயினும் வாரத்தில் இருமுறைக்கும் ஆண்டில் 24 முறைக்கும் மேற்படலாகாது. முந்தைய மூன்று நாட்களில் ஆஸ்பிரின் உண்டவர் தட்டணு கொடுத்தல் ஆகாது. இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதிவைத்தோம். பதினொருவர் போதவில்லை. மாடி வீட்டுப் பஞ்சாபியரும், அலுவலகத்து வங்காளியரும், மலையாளிகளும் பட்டியலில் சேர்ந்தனர்.

ஊரிலிருந்து வந்த நண்பரின் தமையனார், “என் தம்பிக்கு நான் இரத்தம் கொடாமல் வேறு யார் கொடுப்பது?” என்று கை நீட்டி நின்றார். டாக்டர்கள் அதனை ஏற்கவில்லை. காரணம் இரண்டு. பிற்காலத்தில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டால், உடன்பிறந்தார் ஒருவரின் திசு முற்றும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதற்குமுன் அவர் இரத்தத்தை ஏற்றினால், நோயாளியின் உடல் அதற்கு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு, பின்னர் அவர் மஜ்ஜையைத் தள்ளிவிடக்கூடும். இரண்டாவதாக, நெருங்கிய உறவினரின் வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அயலாகக் கருதாமல் இடங்கொடுத்துவிடலாம். அவை தங்கிப் பெருகி அவ்வுடலையே தாக்கலாம். இது மிக அரிது. நேர்ந்தால் பெரும்பாலும் உயிரைப் போக்கும். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே அத்தகைய இரத்தத்தை ஏற்றுவர். ஆகவே இந்நோயில் அண்ணனின் இரத்தத்தினும் அயலார் இரத்தமே வேண்டப்படுகிறது. உறவினர் தொலைவில் உள்ளனரே என்று ஏங்கும் நாம் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை இது.

அடுத்தது தொற்று. வெள்ளணு குறைந்த நோயாளிக்கு உடற்சூடு 100.4 பாகையைத் தொட்டால், அது வெறும் காய்ச்சலன்று. அந்த மணியிலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய ஆபத்து. மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருத்தல் கூடாது. இரவில் அழைத்தால் வண்டியுடன் வருபவர் யார் என்பதையும் நாள்வாரியாக எழுதிவைத்தோம். சளி, இருமல் உள்ளவர் பார்க்க வருதல் ஆகாது; வருபவர் சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். உணவு புதிதாகச் சமைத்துச் சூடாக இருத்தல் வேண்டும். மருந்தினால் வாய் புண்ணாகும் நாட்களில் காரமும் புளியும் ஆகா. இட்லி, குழைந்த பருப்புச் சாதம், நொய்க்கஞ்சி ஆகியவை அடுக்குப் பாத்திரத்தில் முறை வைத்துச் சென்றன. ‘எங்கள் ஊர் வைத்தியர் தந்த சூரணம்’ என்று அன்புடன் கொணர்ந்தோரும் உண்டு. டாக்டருக்குத் தெரியாமல் எதையும் தரலாகாது, அது மருந்தின் செயலைக் கெடுக்கக்கூடும் என்று பணிவுடன் சொல்லித் திருப்பினோம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழன்றி வேறு மொழி அறியாத தாயார் வந்து சேர்ந்தார். டாக்டர் பேசுவதை அவருக்குச் சொல்லும் பொறுப்பு, மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நம்மிடம் வந்தது. அலுவலகக் கோப்பில் சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் கூடாது என்பது விதி. நோயாளியின் தாய் எதிரே நிற்கும்பொழுதுதான் அவ்விதி எவ்வளவு கடினமானது என்பது விளங்கும். முதல் மாத முடிவில், சோதனையில் புற்றணுக்கள் தென்படவில்லை என்றார் டாக்டர். “குணமாகிவிட்டதா, தம்பி?” என்று அம்மையார் கேட்டார். ஆம் என்று சொல்ல யாருக்குத்தான் ஆசையிராது? “அடங்கியிருக்கிறது, அம்மா” என்றோம். “அடங்கியது மறுபடி எழும்பாதா?” என்றார். “எழும்பாமல் இருக்கத்தான் அம்மா, இன்னும் இரண்டு ஆண்டு மருந்து” என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்னர்த் தலையசைத்தார். குணமாயிற்று என்று சொல்லியிருந்தால், எட்டாம் மாதத்தில் மருந்து எதற்கு என்ற கேள்வி அவ்வீட்டிலேயே எழுந்திருக்கும்.

இக்கேள்வியே பல வீடுகளில் உயிரை வாங்குகிறது. கண்ணுக்கு நோய் தெரியவில்லை. செலவும் அலைச்சலும் தெரிகின்றன. ஆகவே இடையில் மருந்தை நிறுத்திவிடுகின்றனர், நோய் மீள்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிடுதல் நம் நாட்டில் இந்நோயாளிகளை இழப்பதற்கு ஒரு முக்கிய காரணம் என்று மருத்துவர் நெடுநாளாக வருந்தி வருகின்றனர். நண்பர்கள் நோயைத் தீர்க்க இயலாது. ஆனால் கைவிடுதலைத் தடுக்க இயலும். வீட்டு மருந்துக் காலத்தில் ஒரு மாத்திரை நாள்தோறும், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் என்று தருவது வழக்கம். வார மருந்தை நாள்தோறும் உண்டால் பேராபத்து. அதற்கென ஒரு கிழமையைக் குறித்து, அன்று காலையில் நினைவூட்ட ஒருவர் இருப்பது பேருதவி.

காகித வேலை நோயைப் போலவே நீளமானது. ‘காகிதம்’ பொறுப்பாளர் அறிந்திருக்க வேண்டியவை சில. புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும், மருத்துவமனைச் சான்றிதழின்பேரில் இரயில் கட்டணச் சலுகை உண்டு. பிரதம மந்திரியின் தேசிய நிவாரண நிதியிலிருந்து சிகிச்சைக்கு உதவி கோரலாம். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது. திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில மருத்துவமனையிலும் அது செல்லும். நண்பர்கள் தரும் பணத்தைப் பொறுத்தவரை, முதல் மாதத்தில் பெருந்தொகையாகத் தருவதினும் மாதந்தோறும் சிறுதொகையாகத் தருவது நன்று. அதற்கு ஒருவர் கணக்கு வைத்து எல்லோருக்கும் காட்டுதல் வேண்டும்.

அருகிருப்பவரையும் பேணுதல் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை நண்பரின் மனைவிக்கு ஓய்வு தந்து, எங்கள் வீட்டுப் பெண்டிர் மருத்துவமனையில் அமர்ந்தனர். மகளின் பள்ளிப் பாடத்தை ஒருவர் கவனித்தார். நோயாளியிடம் இறந்தவர் கதைகளைச் சொல்லாதிருப்பதும், அவரைக் குழந்தைபோல் நடத்தாதிருப்பதும் எங்கள் விதிகள். ஆறாம் மாதத்தில் நண்பரே குறிப்பேட்டைக் கேட்டு வாங்கித் தாமே முறை எழுதலானார். எங்களைவிடக் கண்டிப்பாகவும் எழுதினார். அவருடைய மருந்துக் காலம் நிறைவுற்று, இப்பொழுது சோதனைக்கு மட்டும் சென்று வருகிறார். எல்லோருக்கும் இவ்வாறு முடிவதில்லை. முடியாத வீட்டிலும், தனித்து விடப்படவில்லை என்பது எஞ்சியவர்க்கு ஆறுதலாக நிற்கும்.

நோய் வந்தபின் குழு அமைப்பதினும் முன்னரே ஆயத்தமாயிருத்தல் சாலச் சிறந்தது. உங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் அடுத்த முறை கூடும்பொழுது, ஒவ்வொருவரின் இரத்த வகையையும் எழுதிவையுங்கள். மொழி பாராமல் அண்டை அயலாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடுகளில் இளைஞர்கள் பெயர் தரலாம். கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தடவித் தருவதே முதற்படி. பட்டியல் எழுத ஒரு மாலைப் பொழுது போதும். தட்டணு தேடும் இரவில் அந்தப் பட்டியல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.